நீரடித் தரையை அளத்தல்: கண்டி மலையிலிருந்து கொட்டியாரக் குடா வரை

கடலடித் தரையை வரைபடமாக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கண்டியில் இருந்துகொண்டு எழுதுவதற்கு நியாயம் உண்டு. 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி கங்கை இந்த நகரத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. மலைநாட்டு மண்ணைக் கரைத்துச் சுமந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அந்தக் குடாவை அண்டியே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, 3,000 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கிப் போகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மலைநாட்டு மண் போய்ப் படுத்த இடம் அது. 1970களுக்குப் பிறகு அந்த மண்ணில் பெரும்பங்கு வழியிலேயே அணைகளில் நின்றுவிடுகிறது. பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் ரந்தெனிகலவிலும் ரந்தம்பேயிலும், மேலே கொத்மலையிலும், நீருக்கு அடியில் புதிய தரை ஒன்று ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது.

ஆகவே இந்த விடயத்தைக் கடற்படைக்கும் துறைமுகத்துக்கும் மட்டும் விட்டுவிட முடியாது. நம் வீட்டு மின்சாரமும் வடமத்திய வயல்களுக்குப் போகும் தண்ணீரும் இதில் தங்கியிருக்கின்றன. அளக்கும் கருவிகள் கடந்த நூறு ஆண்டுகளில் வளர்ந்த வேகம் பெரிது. அளக்கும் வழக்கம் அந்த வேகத்தில் வளரவில்லை என்பது என் கருத்து. நீரடித் தரையை ஒருமுறை அழகாகப் படம் பிடித்து வைப்பதால் கிடைக்கும் பயன் குறைவு. ஒரே இடத்தை ஒரே முறையில் மீண்டும் மீண்டும் அளந்து, பழைய அளவோடு ஒப்பிட்டு, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால்தான் அந்தப் படம் பேசும்.

பல நூற்றாண்டுகளாக ஆழம் பார்க்க இருந்த கருவி, ஈயக்குண்டு கட்டிய கயிறுதான். நம் மீனவர்கள் இன்றும் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்கிறார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. கப்பல்களில் குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மேலே இழுத்ததும் அதில் ஒட்டியிருப்பது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்தால் தரையின் தன்மையும் தெரிந்துவிடும். ஆழம், தரையின் வகை என்ற இரண்டையும் ஒரே இறக்கத்தில் தந்த கருவி அது. பின்னால் வந்த எதிரொலிமானி ஆழத்தை நொடியில் சொன்னது, ஆனால் இரண்டாவது தகவலை நீண்ட காலம் கைவிட்டுவிட்டது.

அந்த இரண்டாவது தகவல் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கண்டியோடு தொடர்புள்ள சம்பவம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைத் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மாவிலும் மலாயாவிலும் கடல் வழியாகப் படை இறக்கும் திட்டங்கள் இந்தத் தலைமையகத்தின் பொறுப்பில் இருந்தன. படகுகள் எந்த இடத்தில் தரைதட்டும், வண்டிகளின் பாரத்தைக் கரை தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்து வர ஒரு சிறு பிரிவு இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் போய், இருட்டில் மடக்குப் படகில் கரையை நெருங்கி, நீந்திச் சென்று ஈயக்குண்டால் ஆழம் பார்த்து, மண்ணைத் துளைத்து மாதிரி எடுத்து வருவது அவர்கள் வேலை. அவர்களுடைய முகாம் யாழ்ப்பாணத்து ஹம்மன்ஹீல் பக்கம் இருந்தது. 1945 ஜூனில் மலாயாவின் மோரிப் கடற்கரையை இப்படி அளந்தார்கள். போனவர்களில் சிலர் நீர்மூழ்கிக்குத் திரும்பி வரவில்லை. செப்டம்பர் 9ஆம் தேதி படை இறங்கியபோது ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்தது. துப்பாக்கிச் சூடு இல்லை. இருந்தும் வண்டிகள் வரிசையாகச் சேற்றில் புதைந்தன. மேலே மெல்லிய மணல், கீழே களிச்சேறு. எதிரி காத்திருந்திருந்தால் அந்தக் கரையில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கலக்கமாக இருக்கிறது. ஆழத்தை மட்டும் அறிந்தவர் தரையை அறிந்தவர் ஆகமாட்டார் என்பதை அந்தச் சேறு காட்டியது.

எதிரொலிமானியின் கதை 1912இல் டைட்டானிக் மூழ்கியதோடு வேகம் பிடித்தது. பனிப்பாறையை ஒலியால் கண்டுபிடிக்க முயன்ற ஜேர்மானியர் அலெக்சாண்டர் பெம், அதைவிடக் கடலடிதான் நன்றாக எதிரொலிக்கிறது என்று கண்டார். அமெரிக்காவில் பெசெண்டனும் இதே வழியில் போனார். 1925 முதல் 1927 வரை ‘மீற்றியோர்’ கப்பல் தென் அத்திலாந்திக்கைக் குறுக்கும் நெடுக்குமாக இந்த முறையில் அளந்தது. கணக்கு எளியது: ஒலி போய்த் திரும்பும் நேரத்தைப் பாதியாக்கி, நீரில் ஒலியின் வேகத்தால் பெருக்கினால் ஆழம்.

ஆனால் கப்பலுக்கு நேர் கீழே உள்ள ஒரு கோட்டைத்தான் இந்தக் கருவி காட்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பது ஊகம். அந்த ஊகத்தை அறிவியலாக்கியவர் மேரி தார்ப். 1950களில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத நிலையில், அவர் நியூயோர்க்கில் மேசையருகே இருந்துகொண்டு எதிரொலிப் பதிவுகளைப் பக்கத்துப் பக்கம் வைத்து, அத்திலாந்திக்கின் நடுவில் ஓடும் பிளவுப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன்கூட முதலில் அதை நம்பவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்து வேரூன்ற அந்தப் படங்கள் பெரிதும் உதவின.

கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை 1970களில் பல்கற்றை ஒலிமானி நிரப்பத் தொடங்கியது. 1977இல் பிரான்சின் ‘ஜான் சார்கோ’ கப்பலில் பொருத்தப்பட்ட ‘சீ பீம்’ 16 கற்றைகளை விசிறிபோல் விரித்தது. இப்போது வரும் கருவிகள் நூற்றுக்கணக்கான கற்றைகளை அனுப்புகின்றன. ஆழத்தின் பல மடங்கு அகலத்துக்கு ஒரே ஓட்டத்தில் தரை முழுவதையும் மூடிவிடுகின்றன. இதன் பின்னால் வேறு மூன்று முன்னேற்றங்கள் நிற்கின்றன. ஜிபிஎஸ், கரையில் நிறுத்திய துணை நிலையத்தோடு சேர்ந்து, படகின் இடத்தை அங்குலக் கணக்கில் சொல்கிறது. படகு ஆடுவதையும் சாய்வதையும் நொடிக்கு நொடி பதிவு செய்யும் அசைவு உணரி அந்த ஆட்டத்தை அளவிலிருந்து கழித்துவிடுகிறது. திரும்பி வரும் ஒலியின் வலிமையையும் இப்போது பதிந்து வைக்கிறார்கள்: பாறை பலமாகத் திருப்பும், சேறு பெரும்பகுதியை விழுங்கிவிடும். கொழுப்பு அப்பிய குண்டு சொன்ன செய்தி இப்படி ஒரு வழியாகத் திரும்பக் கிடைத்தது.

இனி விக்டோரியாவுக்கு வருவோம். பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்டு, 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்திருக்கத் திறந்துவைக்கப்பட்ட இந்த வளைவு அணை 122 மீற்றர் உயரம், 520 மீற்றர் நீளம். முழு மட்டத்தில், அதாவது கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றரில், ஏறத்தாழ 72 கோடி கன மீற்றர் நீர் தேங்கும். பழைய தெல்தெனிய நகரம் இதற்குள் போனது. நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் அதன் சுவர்களும் அத்திவாரங்களும் வெளியே தெரியும். பழைய தெருவைப் பார்க்கச் சனம் போய் வரும்.

இப்படியொரு நீர்த்தேக்கத்தில் ஒரு நாள் அளவை எப்படி நடக்கும்? படகை இறக்கியதும் முதல் வேலை ஓர் இரும்புத் தட்டைச் சங்கிலியில் கட்டி, ஒலிவாங்கிக்கு நேர் கீழே தெரிந்த ஆழத்தில் பிடிப்பது. இரண்டு மீற்றரில் பிடித்தால் கருவி இரண்டு என்று சொல்ல வேண்டும், ஐந்தில் பிடித்தால் ஐந்து. அதன்பின் வெப்பநிலையையும் ஒலி வேகத்தையும் அளக்கும் ஒரு குழாயை மேலிருந்து அடிவரை மெதுவாக இறக்குவார்கள். மேற்பரப்பு நீர் வெயிலில் சூடாகவும் அடிநீர் குளிராகவும் இருப்பதால் ஒலியின் வேகம் ஆழத்தோடு மாறும். நன்னீரில் 20 பாகை செல்சியஸில் ஒலி விநாடிக்கு 1,482 மீற்றர் போகிறது, 25 பாகையில் 1,497 மீற்றர். அதன் பிறகுதான் படகு பழைய ஆற்றுத்தடத்துக்குக் குறுக்கே, இணைகோடுகளாக, சீரான வேகத்தில் ஓடும். முடிவில் எல்லாக் கோடுகளையும் வெட்டிக்கொண்டு ஒரு சரிபார்ப்புக் கோடும் ஓட வேண்டும். வெட்டும் இடங்களில் இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய உழைப்பை நம்ப முடியாது.

இந்த நுணுக்கங்களை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலில் பயன்படுத்திய கருவியைக் கொண்டுவந்து, 1,500 என்ற கடல்நீர் வேகத்தை மாற்றாமல் விட்டுவிட்டால், உண்மையான வேகம் 1,485ஆக இருக்கும் நீரில் ஒரு சதவீதப் பிழை வரும். நூறு மீற்றர் ஆழத்தில் அது ஒரு மீற்றர். கப்பல் ஓட்டுபவருக்கு அந்த ஆழத்தில் ஒரு மீற்றர் பொருட்டே அல்ல. நீர்த்தேக்கத்தில் கதை வேறு: விக்டோரியாவின் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம் என்றால் 72 இலட்சம் கன மீற்றர். பொல்கொல்லை அணைக்குப் பின்னால் தேங்கும் நீர் முழுவதும் கட்டிய காலத்தில் ஏறக்குறைய 41 இலட்சம் கன மீற்றர்தான்! இரண்டு அளவைகளுக்கு நடுவில் சேர்ந்த வண்டலைக் கண்டுபிடிக்க, பின்னதை முன்னதிலிருந்து கழிக்கிறோம். இரண்டிலும் பிழை பெரிதாக இருந்தால், கழித்து வரும் எண் வண்டலின் அளவா, வெறும் பிழையா என்று பிரித்தறிய வழியில்லை. அதனால்தான் புதிய கருவி வாங்குவதைவிடப் பழைய முறையை மாற்றாமல் பேணுவதும், எந்த வேகத்தைப் பயன்படுத்தினோம், எந்த அடையாளக் கல்லிலிருந்து உயரம் எடுத்தோம் என்று எழுதிவைப்பதும் முக்கியம் என்கிறேன்.

வண்டலுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புதிதாகப் படிந்த சேறு கெட்டியான தரை அல்ல. கூழ் நிலையில் கிடக்கும். 200 கிலோஹேர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் ஒலி அந்தச் சேற்றின் மேற்பரப்பில் பட்டே திரும்பிவிடும். 24 அல்லது 33 கிலோஹேர்ட்ஸ் ஒலி சேற்றை ஊடுருவி, அதன் கீழே உள்ள கடினத் தரையில் பட்டு வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் திரையில் இரண்டு கோடுகள் விழும். நடுவிலுள்ள இடைவெளியே சேற்றின் தடிப்பு. அதை உறுதிப்படுத்த அங்கங்கே குழாய் இறக்கி மண் மாதிரி எடுக்கத்தான் வேண்டும். ஒலி மட்டும் போதாது.

பணம் குறைந்த இடத்தில் இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது, அது மலைநாட்டு நீர்த்தேக்கங்களுக்கு நன்றாகப் பொருந்தும். நீர்மட்டம் 438 மீற்றரில் நிற்கும்போது கரைக்கோடு எங்கே இருக்கிறதோ அதுதான் 438 மீற்றர் சமவுயரக் கோடு. மட்டம் 430க்கு இறங்கினால் கரைக்கோடு 430 மீற்றர் சமவுயரக் கோடாகிறது. சென்டினல், லாண்ட்சாட் செய்மதிகளின் படங்கள் இலவசம். அணையில் தினமும் மட்டம் குறிக்கிறார்கள். இரண்டையும் இணைத்தால் வறட்சியில் வெளிப்படும் மேற்பகுதி முழுவதையும் படகே இல்லாமல் வரைந்துவிடலாம். வற்றாத அடிப்பகுதிக்கு மட்டும் படகு போதும். ஆற்று வாயில் படியும் கரடுமுரடான மணலும் பருமண்ணும் பெரும்பாலும் இந்த மேற்பகுதியில்தான் கிடக்கும் என்பதால், செலவில்லாமல் கிடைக்கும் இந்தப் பகுதியே முக்கியமான பகுதியும் ஆகிறது.

மாறாக, தெளிந்த ஆழமற்ற கடலில் வெற்றி பெற்ற பச்சை லேசர் முறை நமக்கு இங்கே உதவாது. விமானத்திலிருந்தோ 2018இல் ஏவிய ஐஸ்சாட்-2 செய்மதியிலிருந்தோ அனுப்பும் பச்சை ஒளி, பவளப்பாறைக் கடலில் பல பத்து மீற்றர் ஆழம்வரை போய்த் திரும்புகிறது. பேராதனைப் பாலத்தடியில் மழைக்காலத்து மகாவலியின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே ஒளி எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

பொல்கொல்லைதான் இந்தப் பகுதியின் முதல் பாடம். 1976இல் செயற்படத் தொடங்கிய அந்தத் தடுப்பணை, மகாவலி நீரை எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அம்பன் கங்கைப் பக்கம் திருப்புகிறது. சிறிய தேக்கம், பெரிய ஆறு; வண்டல் வேகமாகச் சேர்ந்தது. கீழே ரந்தம்பேயில் உமா ஓயா கொண்டுவரும் மண்ணும் இதே தொல்லையைத் தந்தது. இவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது? 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிந்தது, 1867இல் லூல்கந்துரையில் தேயிலை வந்தது என்று தொடங்கிப் பழியைத் தோட்டங்களின் மேல் போட்டு முடித்துவிடுவது வழக்கம். நன்றாகப் பராமரித்த தேயிலை மண்ணை ஓரளவு மூடிப் பிடித்துக்கொள்ளும். கவனிப்பாரற்று வெறுமையான தோட்டச் சரிவு, செங்குத்தான மரக்கறித் தோட்டம், புகையிலை நிலம், வெட்டிவிட்டுக் கட்டாமல் விட்ட வீதியோரம் ஆகியவற்றிலிருந்துதான் மண் அதிகமாக ஓடுகிறது. தேக்கத்தின் எந்தக் கையில், எந்த ஓயாவின் வாயில் வண்டல் கூடுகிறது என்று துல்லியமாக வரைந்தால், எந்தச் சரிவை முதலில் காக்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் மேல் குற்றம் சுமத்தும் பேச்சுக்கு அந்த வரைபடம் பதில் சொல்லும்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி இந்த வேலையை அவசரமாக்கிவிட்டது. கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயின. அந்த மண்ணில் ஒரு பெரும் பகுதி ஆற்றுக்கு வரும், ஆற்றிலிருந்து தேக்கங்களுக்கு இறங்கும். ஒரு பெருமழை பல ஆண்டுகளின் வண்டலை ஒரே வாரத்தில் கொண்டுவரக்கூடும். மழைக்கு முந்திய அளவை கையில் இருந்தால் மட்டுமே பிந்திய அளவைக்குப் பொருள் உண்டு.

கடலுக்குப் போனால் படம் பெரிதாகிறது, அரசியலும் சேர்கிறது. இலங்கைக்கு நிலப்பரப்பைப் போல ஏழெட்டு மடங்கு கடல் உண்டு. 2009 மே மாதம் இலங்கை, கண்டத்திட்டின் வெளி எல்லைக்கான கோரிக்கையை ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கென்று கடற்சட்ட மாநாடு ஒப்புக்கொண்ட தனி விதி ஒன்றின்படி, வண்டலின் தடிப்பு ஒரு கிலோமீற்றராக இருக்கும் இடம்வரை எல்லை கேட்கலாம். அந்த மாநாட்டுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் இலங்கையர் ஷேர்லி அமரசிங்க என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தரையின் ஆழம், அதன் கீழ் வண்டலின் தடிப்பு என்ற இரண்டு அளவுகளில் ஒரு நாட்டின் உரிமை தொங்கி நிற்கிறது.

அதனால்தான் யார் அளப்பது என்பது சச்சரவாகிறது. 2022 ஓகஸ்டில் சீனக் கப்பல் ‘யுவான் வாங் 5’ அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும், 2023 ஒக்டோபரில் இன்னொரு சீனக் கப்பலான ‘ஷி யான் 6’ கொழும்புக்கு வந்தபோதும் இந்தியா கவலை தெரிவித்தது. 2024 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை இடைநிறுத்தம் அறிவித்தது. இந்தியக் கடற்படையின் அளவைக் கப்பல்களோ நம் கடற்படையோடு சேர்ந்து இலங்கைக் கரையோரத்தை அளந்திருக்கின்றன. இந்த அச்சம் கண்டிக்குப் புதியதல்ல. கண்டி இராச்சியம் போர்த்துக்கீசரையும் ஒல்லாந்தரையும் தாக்குப்பிடித்ததற்கு அதன் காட்டுக் கணவாய்களை வெளியார் அறியாதிருந்தது ஒரு காரணம். 1815க்குப் பிறகு பிரித்தானியர் முதலில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று அளந்து வீதி போட்டது. வரைபடம் யார் கையில் இருக்கிறது என்பதற்கு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியாரைத் தடுப்பதோடு நின்றுவிட்டால், நம் கடலைப் பற்றி நமக்கே தெரியாமல் போகும்.

உலக அளவிலும் இடைவெளி பெரிது. 2017இல் ஜப்பானின் நிப்பொன் அறக்கட்டளையும் கடலடி வரைபடங்களுக்கான ஜெப்கோ அமைப்பும் ‘சீபெட் 2030’ திட்டத்தைத் தொடங்கியபோது உலகக் கடலடியில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் நவீன முறையில் அளக்கப்பட்டிருந்தது. 2025இல் அது 27 சதவீதத்தை எட்டியது. மீதிக்கு நாம் பார்க்கும் நீலப் படங்கள் பெரும்பாலும் செய்மதி உயரமானிகள் கடல்மட்டத்தின் மேடுபள்ளங்களிலிருந்து கணித்த ஊகம். கடலடி மலையின் ஈர்ப்பு தன் மேலுள்ள நீரைச் சற்றுக் குவிக்கும். அந்தக் குவிப்பைச் செய்மதி அளந்து மலையை ஊகிக்கும். 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வொட் செய்மதி இதைக் கூர்மையாக்கியிருக்கிறது, என்றாலும் சிறிய குன்றும் பள்ளமும் அதற்குத் தெரியாது. 2014இல் காணாமல்போன எம்எச்370 விமானத்தைத் தேடப் போனபோது, முதலில் கடலடியை வரைய வேண்டியிருந்தது. எங்கே தேடுவது என்பதற்குத் தேவையான படமே இருக்கவில்லை.

கொட்டியாரக் குடாவையும் அதை அண்டிய கடலடிப் பள்ளத்தாக்கையும் இப்போது இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். அணைகளுக்கு முன் மகாவலி கொடுத்த மணலை வாங்கி வாழ்ந்த கரை, இப்போது குறைவாக வாங்குகிறது. கரை அரிப்பைத் தடுக்கக் கல் போடுவதற்கு முன், குடாவின் தரை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டும். தேக்கத்தில் சேர்ந்த மண்ணும் குடாவில் குறைந்த மணலும் ஒரே கணக்கின் வரவும் செலவும். இன்று இந்த நாட்டில் நீரியல்வள ஆய்வு நிறுவனமான நாராவும் கடற்படையும் கடலைப் பார்க்கின்றன, மகாவலி அதிகார சபை தேக்கங்களைப் பார்க்கிறது, 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் நிலத்தைப் பார்க்கிறது. ஒரே உயர அடிப்படையில், ஒரே வடிவத்தில் தரவைப் பதிந்து இணைப்பதற்கு வெளிநாட்டுக் கப்பலும் தேவையில்லை, பெருந்தொகைக் கடனும் தேவையில்லை.

தொடங்குவதற்குக் கண்டி வாவியே நல்ல இடம். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் காலத்தில் 1812இல் கட்டி முடிந்த இந்த வாவியைச் சுற்றி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். நகரத்தின் சாக்கடையும் மலைமண்ணும் இதற்குள் வருகின்றன. வழிந்தோடும் நீர் மெத எலவாகக் கெட்டம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. தொலைவிலிருந்து இயக்கும் ஒரு சிறு படகும் இரட்டை அதிர்வெண் எதிரொலிமானியும் இருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இதைச் சில நாட்களில் அளந்துவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியில், பெரஹரவுக்கும் மழைக்கும் தொலைவான வறண்ட நாட்களில், அதே கோடுகளில் அதே படகை ஓட்டி, எண்களை நகர மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தக் குழு கைபழகியதும் பொல்கொல்லைக்குப் போகலாம், பிறகு விக்டோரியாவின் தெல்தெனியக் கைக்கு. ரந்தம்பேயை அதிகம் தள்ளிப்போட முடியாது. உமா ஓயா மண்ணைக் கொண்டுவருவதை நிறுத்தப்போவதில்லை.